கொண்டையில் மஞ்சள்

ஹல்துமுல்லைக்கு மேலே, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலை முடிந்ததும் காடுதான். விடியும்போது அங்கிருந்து ஒரு காட்டுச்சேவல் இறங்கி வரும். சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் பூசியதுபோல இருக்கும். எங்கள் கோழிகளோடு மேயும். ஆள் சத்தம் கேட்டால் பறந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் தேயிலை மலையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடந்தால் வீட்டில் வளர்த்த சேவல் ஒன்று தருவதாக முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டேன். அப்போது பொரித்த குஞ்சுகளில் ஒன்றுதான் சேவல். வளர வளர அதன் கொண்டையிலும் அதே மஞ்சள் தெரிந்தது.

"அப்பன் யாருன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்குக்கா," என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "றெக்கைய வெட்டி விடுங்க. பறந்துரும்."

சாமிக்கு நேர்ந்ததை வெட்டவோ கட்டவோ கூடாது. குறையில்லாமல் கொடுக்க வேண்டும். அப்படியே விட்டேன். அவர் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினார். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சேவல் காட்டுக்குள் பறந்துவிட்டது.

"பெரகல கடையில ஒன்னு வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றார் அவர்.

"வீட்ல வளத்ததுன்னு சாமிகிட்ட சொல்லிட்டேனேங்க."

கோயிலில் தேங்காய் மட்டும் உடைத்துவிட்டு, பூசாரி முகத்தைப் பாராமல் வந்தேன். பனியில் அவர் கால் வலிக்கும்போதெல்லாம் அது என்னால்தான் என்று பயந்தேன்.

சில மாதம் கழித்து, பறந்துபோன அந்தச் சேவல் வந்தது. என்னிடம் அல்ல, கோழிகளிடம். அடுத்த அடையில் பொரித்த சேவற்குஞ்சு காட்டுப் பக்கமே போகவில்லை, அடுப்படியையே சுற்றியது. கொண்டையில் கடுகளவு மஞ்சள்.

அடுத்த திருவிழாவில் பூசாரி அந்தப் புள்ளியையே பார்த்தார். குறை என்று தள்ளிவிடுவாரோ?

"இது என்னம்மா?"

"அதோட தாத்தா... காட்டுலேருந்து வந்ததுங்க."

"அப்ப சாமி எடத்து ஆளுதான். குடுங்க."

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மகளிடம் இதைச் சொன்னபோது, இப்படி ஒரு கூட்டத்தின் மரபணு இன்னொரு கூட்டத்துக்குள் போவதற்குப் பாடத்தில் தனிப் பெயரே இருக்கிறது என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெயர் மனதில் நிற்கவில்லை.

இப்போது வீட்டில் கோழி இல்லை. கம்பு கூரைக்கடியில் செருகியபடி இருக்கிறது. காட்டிலிருந்து கூவல் கேட்டால் அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீட்டுது," என்பார். நானும் காது கொடுத்து நிற்பேன்.