கயிறு பிடித்தவர்

மூக்கையூரில் சவேரியார் கயிறு பிடித்தால் முங்குகிறவனுக்குப் பயமில்லை என்று பெயர். சங்கு எடுக்க முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் தொட முடியாது. பெற்றவன் பிடிக்கலாம், பெண் கொடுத்த வீட்டார் பிடிக்கலாம். தன் வீட்டில் இழவு விழும் என்றிருப்பவன்தான் கண் அசர மாட்டான் என்பது அந்தக் கரையின் கணக்கு. மகன் வேதநாயகம் முங்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் கயிறு சவேரியார் கையில்தான்.

ஐம்பத்தாறாம் வருஷத்துப் பங்குனி. கடல் அடங்கிக் கிடந்தது. சங்குப் பை நிறைந்ததும் வேதநாயகம் கீழேயிருந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். மேலே அசைவில்லை. மறுபடி இழுத்தான். கயிறு தொளதொளவென்று அவன் மேலேயே வந்து விழுந்தது. நெஞ்சு முட்டியது. பையை அங்கேயே போட்டுவிட்டுக் காலை உதைத்து ஏறினான். வெளிச்சம் தெரிந்தது, எட்டவில்லை. வாய் தானாகத் திறந்துவிடும் போலிருந்தது.

தலை வெளியே வந்ததும் காதில் விழுந்தது அய்யாவின் குரல்தான்.

“வேதநாயகம் வரலப்பா. காய்ச்சல். வீட்டுல படுத்துக் கெடக்கான்.”

வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சகாயம், வேதநாயகத்தின் மனைவிக்குத் தம்பி, கேலியென்று நினைத்துச் சிரித்தான். “அப்பக் கீழ இருக்கிறது யாரு மாமா, கடல்பசுவா?”

விளிம்பைப் பற்றிக்கொண்டு வேதநாயகம் இருமினான். மூக்கில் ரத்தம் வடிந்தது. சகாயத்தின் சிரிப்பு நின்றது. சவேரியார் மகனைப் பார்த்தார். மடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் வேதநாயகத்துக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. போன வருஷமே அவன் கயிற்றை அசைக்கும் முன்னால் அவர் இழுக்க ஆரம்பித்திருந்தார். பை பாதிகூட நிறைந்திருக்காது. “வயசாக ஆகப் பயந்தாங்கொள்ளியா ஆயிட்டீக” என்று எரிந்து விழுவான். அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். பிறகு கயிற்று நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சோம்பல் என்று சகாயம் கிண்டலடித்தபோது இவனும் சேர்ந்து சிரித்தான். பூசை முடிந்து திரும்பும்போது அடுத்தவர் வீட்டுப் படலைத் திறந்துகொண்டு அவர் உள்ளே போனதற்குக் கள்ளின் மேல் பழி போட்டார்கள்.

பயமில்லை அது. மறந்துபோவோம் என்று தெரிந்து, நினைப்பு இருக்கும்போதே இழுத்திருக்கிறார். இன்றைக்கு விரலில் சுற்றிக்கொள்ளவும் மறந்துவிட்டது.

“பை கீழ கெடக்குல்ல, போய் எடு.” சவேரியார் கயிற்றைச் சேர்த்துப் பிடித்தார். “இப்பச் சரியாயிருச்சுலே.”

அய்யா உயிரோடிருக்க, கயிறு மைத்துனன் கைக்குப் போனால் சாயங்காலமே கரை முழுக்கப் பேச்சாகும். போகாவிட்டால், தான் மேலே வருவது நிச்சயமில்லை.

“சகாயத்துக்கிட்டக் குடுங்கய்யா.”

“எத்தன வருசமா நான்...” என்றவர், மகனின் உதட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு கயிற்றைச் சகாயத்தின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார்.

“அசைச்சா இழு. அசைக்காட்டியும் இழு. திட்டுவான். இழு.”

வள்ளத்தின் முன்பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். வேதநாயகம் மூச்சை அடக்கி முங்கினான்.