வறுத்த உப்பு மறைத்த வலி

எங்களுக்கு மரக்காணத்தில் உப்பளம். வெறுங்காலோடு வரப்பில் நடந்தே பழகியவள் நான். அதனால் ராஜஸ்தான் டூரில் கோட்டை கோட்டையாக ஏறி இறங்க வேண்டும் என்று கணவர் சொன்னபோது சிரித்தேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கையில்தான் புது ஷூவை மாட்டிக்கொண்டு, ஈ.சி.ஆர். தார் ரோட்டில் கணவரோடு வேகவேகமாக நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாளே முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு ஓரமாகச் சுருக்கென்று வலித்தது. உப்பளத்துக்காரிக்கு வைத்தியம் தெரியாதா? உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். வலி அடங்கியது. திரும்பவும் நடந்தேன். திரும்பவும் வலி, திரும்பவும் ஒத்தடம்.

ஒருநாள் விடியலில் ரோட்டைக் கடக்கும்போது, நடுவில் காலை ஊன்றவே முடியவில்லை. எதிரே உப்பு ஏற்றிய லாரி, விடாமல் ஹாரன். முன்னால் கடந்துவிட்ட கணவர், "ஸ்டெல்லா, வா!" என்று அலறினார். கால் நகரவில்லை. அவர் ஓடிவந்து இழுத்த இழுப்பில் இருவரும் ரோட்டோரம் விழுந்தோம். லாரிக் காற்று முகத்தில் அறைந்தது.

எக்ஸ்ரே வரும்வரை எனக்கு உயிரே இல்லை. "எலும்புல விரிசல் இல்லம்மா. இப்படியே நடந்திருந்தீங்கன்னா விரிசல் விட்டிருக்கும். ஒத்தடம் வலியை மறைச்சுது, அவ்ளோதான்" என்றார் டாக்டர். காலுக்கு ஓய்வு வேண்டுமென்று டூரை ரத்து செய்தோம்.

இந்த வருடம் மறுபடி கிளம்புகிறோம். இப்போதிருந்தே அதே ஷூவோடு மண் பாதையில் மெதுவாக நடந்து, வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறேன். வலித்தால் அன்றைக்கு நடை கிடையாது. வறுத்த உப்பு இருக்கிற தைரியத்தில் இனி ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன்.