சம்மந்திகள் ஆடிய ஒன்பது குழி

கொச்கோர் சந்தையில் தூர்தாகுன் பெரியவரின் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஆடு மாடு வாங்க வருகிறவர்களுக்கும் விற்க வருகிறவர்களுக்கும் நடுவில் நின்று விலை பேசி முடித்துத் தருவது அவருடைய தொழில். ஒருமுறை சொன்ன விலையை அவர் மாற்றியதாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்பது குழிப் பலகையின் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். போட்ட கல்லைத் திரும்ப எடுப்பார். எடுத்த கல்லைப் போடவே இல்லை என்பார்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஐசிரெக் முதல் மாதத்திலேயே அங்கே நடப்பது தனி ஆட்டம் என்று புரிந்துகொண்டாள். ஊரெல்லாம் ஆடும் விதி எளிமையானது. ஆளுக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது கல். ஒரு குழியை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசிக் கல் எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரட்டைப்படை வந்தால் அத்தனையும் போட்டவருக்கு. சரியாக மூன்று வந்தால் அந்தக் குழியே அவருடைய 'உப்பு'. அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை அதில் விழுவதெல்லாம் அவருக்குத்தான் சேரும். மாமனார் இதன்மேல் சில சேர்க்கைகள் வைத்திருந்தார். அவர் அள்ளியது தப்பான குழி என்று தெரிந்தால், அது அள்ளியதாகாது, தூசி தட்டியதாகும். அவர் தோற்கிற நேரம் பார்த்துத் தேநீர் வேளை வரும். ஜெயிக்கிற நேரத்தில் எதிராளி சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போகக் கூடாது. "ஓடப் பாக்கறியா?" என்று கேட்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் முதுகுவலி என்று சொல்லி வருவதை நிறுத்தினார். அவர் மறுநாள் கூரைமேல் ஏறி வைக்கோல் அடுக்குவதைத் தெருவே பார்த்தது. பிறகு மாட்டியது ஐசிரெக்கின் கணவன் மிர்லான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பாவிடம் தோற்பதற்குத் தன் படிப்பு மொத்தமும் தேவைப்படுகிறது என்று மனைவியிடம் அவன் ஒருநாள் சொன்னான்.

"சீக்கிரம் தோத்துட்டா, 'என்னைக் கிழவன்னு விட்டுக் குடுக்கறியா'ன்னு குதிப்பாரு. கடைசி வரைக்கும் இழுத்து, நெத்தி வேர்த்து, ஒரே ஒரு கல்லுல தோக்கணும். அதுக்கு எவ்ளோ கணக்குப் போடணும் தெரியுமா?"

வந்த புதிதில் விஷயம் தெரியாமல் ஐசிரெக் ஒரே ஒருமுறை மாமனாருடன் ஆடினாள். ஜெயித்தும்விட்டாள். மாமியார் பாத்மா இருமினாள். மிர்லான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். மாமனார் பலகையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்து, "ஈரத்துல வளைஞ்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து தேநீர் ஊற்றும் வேலை அவளுடையது.

அவள் நன்றாக ஆடியதற்குக் காரணம் அவளுடைய அப்பா ஜுமாதில். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆத்-பாஷியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவரோடு ஆடுவது வேறுவிதமான தண்டனை. அவர் விதியை அணுவளவும் மீறமாட்டார், யாருக்கும் விட்டும் கொடுக்கமாட்டார். காய்ச்சலில் படுத்திருந்த மகள் பொழுதுபோகாமல் ஆடக் கேட்டபோதும் அவளைத் தோற்கடித்து, எந்த இடத்தில் தவறினாள் என்பதையும் பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தார்.

இந்த இருவரும் போன வருடம், கல்யாணம் முடிந்து உறவு பலப்பட வேண்டும் என்று, எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் ஜுமாதில் ஒரு குழியில் சரியாக மூன்று சேர்த்தார். தூர்தாகுன் அதிலிருந்து அள்ளப் போனார்.

"அது என் உப்பு, சம்மந்தி."

"நீங்க சொல்லவே இல்லையே. வாயத் தொறந்து சொன்னாத்தான் உப்பு."

"எங்க ஊர்ல கண்ணு தெரியறவங்க ஆடறதால, சொல்ற பழக்கம் இல்ல."

அவ்வளவுதான். ஜுமாதில் தவறை ஒத்துக்கொள்ளும்வரை தன் மருமகள் கணவாயைத் தாண்டமாட்டாள் என்றார் தூர்தாகுன். விதி விதிதான் என்று சம்மந்தி ஒத்துக்கொள்ளும்வரை மகளை அனுப்பச் சொல்லித் தானும் கேட்கமாட்டேன் என்றார் ஜுமாதில். மாமனார் வாய்விட்டு விடை கொடுக்காமல் மருமகள் தாய்வீட்டுக்குப் போவது அங்கே வழக்கமில்லை. நடுவில் ஐசிரெக் கருவுற்றாள், பெண் குழந்தை பிறந்தது, பெர்மெத் என்று பெயரும் வைத்தாயிற்று. முட்டிவலியால் கணவாய்ப் பாதையில் பயணம் செய்ய முடியாத அம்மா, பேத்தியைப் பார்த்தது கைபேசியில் மட்டும். அதைப் பாத்மா பிடித்த கோணத்தில் நெற்றி மட்டும்தான் தெரியும். "நெத்தி உன்னோடதுதான். மூக்கை எப்பப் பாக்கறதுன்னு தெரியலடி" என்று அம்மா சொன்ன அன்று ஐசிரெக் மாவு பிசைகிற சாக்கில் அழுதாள்.

ஆனால் தொட்டிலைப் பெண்வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். அதனால் ஜுமாதில் வந்தே ஆக வேண்டியிருந்தது. அவர் வருகிற நாளில் மாமியாரும் மருமகளும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலேயே ஒரு காரியம் செய்தார்கள். பலகையைக் கற்களோடு சேர்த்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார்கள்.

தொட்டில் வந்து இறங்கியது. ஆடு அறுத்தார்கள். தலைக்கறியை விருந்தாளிக்கு முன்னால் வைத்தார் தூர்தாகுன். ஜுமாதில் அதிலிருந்து ஒரு காதை அறுத்து, இளையவனான மிர்லானுக்குக் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க சம்மந்தி", "போதும் சம்மந்தி, வயிறு நெறைஞ்சிடுச்சு" என்று இருவரும் தேன் ஒழுகப் பேசினார்கள். இந்த இனிப்பு ஆறுவதற்குள் அப்பா கேட்டுவிட வேண்டும், மாமனார் சரி என்றுவிட வேண்டும் என்று ஐசிரெக் கதவோரம் காத்திருந்தாள்.

"இப்பல்லாம் நான் ஆட்டத்தையே தொடறதில்ல" என்றார் தூர்தாகுன்.

"நானும் விட்டுட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"அது போன வருஷமே தெரிஞ்சுது."

ஜுமாதில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கை மறந்திருக்குமான்னு ஒருதடவ வேணா பாக்கலாம். சும்மா" என்றார்.

"சும்மாதானே!" என்று தூர்தாகுன் அதற்குள் எழுந்தே விட்டார். "பாத்மா, பலகை எங்க?"

"யாரோ எரவல் வாங்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"மறந்துட்டேன்."

பிரச்சினை தீர்ந்தது என்று ஐசிரெக் நினைத்தாள். கிழவர்களை அவள் குறைவாக எடைபோட்டுவிட்டாள்.

"சம்மந்தி, ஆட்டத்துக்கு கோர்கோல்னு ஏன் பேரு வந்துச்சு?" என்று கேட்டார் தூர்தாகுன்.

"கோர்கோல்னா ஆட்டுப் புழுக்கைதானே."

"நம்ம பாட்டன்மாரு மலைமேல பலகையத் தூக்கிட்டா அலைஞ்சாங்க?"

வெள்ளைக் கம்பளித் தொப்பியும் விருந்துக்குப் போட்ட புதுக் கோட்டுமாக இருவரும் பட்டிக்குள் நுழைந்தார்கள். நன்றாகக் காய்ந்ததாக, ஒரே அளவில் உருண்டையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். "இது சரியில்ல, போன வாரத்தது, இன்னும் காயல" என்று ஒருவர் காட்ட, மற்றவர் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்து ஆமோதித்தார். தொட்டிலை இவ்வளவு கவனமாக யாரும் பார்க்கவில்லை. பிறகு முற்றத்து மண்ணில் கரண்டிக் காம்பால் குழிகளைத் தோண்டி, எதிரெதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஐசிரெக் தேநீர்ச் சமோவாரையும் கெண்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

ஆட்டம் போகவேண்டிய வழியில் போனது. தூர்தாகுன் ஒரு குழியைத் தூசி தட்டினார். அவர் விட்ட வாய்ப்பை ஜுமாதில் அவருக்கே விளக்கிச் சொன்னார். "நான் கேட்டேனா?" என்றார் அவர். "தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவ உதவுமேன்னு சொன்னேன்" என்றார் இவர். குழந்தை உள்ளே சிணுங்கியது. இருவரும் திரும்பவில்லை.

அப்போது ஜுமாதிலின் கடைசிப் புழுக்கை எதிர்வரிசைக் குழியொன்றில் விழுந்தது. இந்தமுறை அவர் உரக்கவே, "உப்பு!" என்றார். தெருமுனை நாய் குரைத்தது.

தூர்தாகுன் குனிந்து பார்த்தார். விழுந்த வேகத்தில் உள்ளே இருந்த ஒன்று இரண்டாக உடைந்திருந்தது.

"நாலு இருக்கு, சம்மந்தி. இரட்டைப்படை. நாலையும் எடுத்துக்கோங்க, நான் தடுக்கல. ஆனா குழி உங்களுக்கு உப்பு ஆகாது."

"மூணு. உடைஞ்சது ஒண்ணுதான்."

"சந்தையில ஆட்டை ரெண்டா வெட்டுனா ரெண்டு பங்குதானே?"

"வெட்டுனா ரெண்டு ஆடுன்னா விப்பீங்க?"

"நான் விக்கறதப் பத்தி நீங்க பேசாதீங்க!"

"டேய் மிர்லான், நீ கணக்கு வாத்தியார்தானே, சொல்லுடா" என்று தூர்தாகுன் கூப்பிட்டார். மிர்லான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடினான். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

இருவரும் ஒரே சமயத்தில் ஐசிரெக்கைப் பார்த்தார்கள்.

"எம் பொண்ணு பொய் சொல்லமாட்டா. நீ சொல்லும்மா, மூணா நாலா?"

"எம் மருமக நியாயம் தவற மாட்டா. சொல்லும்மா."

மூன்று என்றால் மாமனார் விடை கொடுக்கமாட்டார். நாலு என்றால் அப்பா இந்த நிமிடமே காரைக் கிளப்பிவிடுவார். எதைச் சொன்னாலும் பேத்தியின் மூக்கை அம்மா பார்க்கப் போவதில்லை. மண்ணில் கிடந்த அந்த உடைந்த புழுக்கையை ஐசிரெக் பார்த்தாள். கையிலிருந்த கெண்டியைச் சாய்த்து மாமனாரின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள்.

அந்த ஊர் வழக்கப்படி தேநீரைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்ற வேண்டும். இரண்டு மடக்கில் தீர்ந்து, கிண்ணம் திரும்பி வந்து, மறுபடி ஊற்றி, மறுபடி கொடுத்து என்று எத்தனை தரம் கை மாறுகிறதோ அத்தனை மரியாதை. விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தால் ஒரே அர்த்தம்தான்: குடித்துவிட்டுக் கிளம்பு. தேநீர் பாதியைத் தாண்டுவதை அவள் பார்த்தாள். நிறுத்தவில்லை. அப்பாவின் கிண்ணத்தையும் அதேபோல் நிறைத்தாள். இரண்டையும் இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள்.

தூர்தாகுன் கிண்ணத்தைப் பார்த்தார். சொந்த முற்றத்தில் அவரைக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். ஜுமாதில் தன் கிண்ணத்தைப் பார்த்தார். அவரைக் கிளம்பச் சொன்னது பெற்ற மகள்.

"சம்மந்தி, இதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

ஒரு வருடத்தில் இருவர் கண்ணுக்கும் ஒரேபோலத் தெரிந்த முதல் விஷயம் அது.

"எங்க வீட்ல இவ இப்படி ஊத்தினதே இல்ல" என்றார் ஜுமாதில், குரல் இறங்கி.

"இங்கயும் இன்னிக்குத்தான். கோச்சுக்காதீங்க, இவ அம்மா இதையெல்லாம் சரியாச் சொல்லிக் குடுக்கல போல."

"குடுத்திருக்க மாட்டா. அவளுக்கு எப்பவும் செல்லம்தான்."

"கூட்டிட்டுப் போய் ஒரு மாசம் கத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"ஒரு மாசம் எங்க பத்தும்? அவ கையப் பாத்தீங்கல்ல, நடுங்கக்கூட இல்ல."

"அப்ப ரெண்டு மாசம் வெச்சுக்கோங்க. முழுசாக் கத்துக்கிட்டுத்தான் இந்தப் படியேறணும்!"

ஐசிரெக் தலைக்குட்டையை முன்னால் இழுத்துவிட்டு, வெட்கப்பட்ட மருமகள் எப்படிக் குனிவாளோ அப்படிக் குனிந்தாள். நிமிர்ந்தபோது பாத்மா குழந்தையைக் கம்பளியில் சுற்றி வாசலுக்கே கொண்டுவந்திருந்தாள். மூட்டையும் தயாராக இருந்தது. "அவசரப்படாம கத்துக்க" என்றாள் மாமியார், முகத்தில் எதையும் காட்டாமல். முடிந்தால் தானும் அந்தக் காரில் ஏறியிருப்பாள்.

கார் முதல் வளைவைத் தாண்டியது. ஜுமாதில் கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"இப்ப யாரும் இல்ல. சொல்லு, அது மூணா நாலா?"

ஐசிரெக் பெர்மெத்தை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குழந்த தூங்குதுப்பா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."