அறுபத்தைந்து லீற்றர்ப் பலகை

மடத்துவெளிக் கடற்கரையில் சுதனின் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் என்னுடைய சோடாக்கடை. அதனால் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எல்லாரும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் அன்று இங்கே இருக்கவில்லை.

சுதனுக்கு முப்பத்தெட்டு வயது. முன்பு தோட்டம் செய்தான், வான் ஓட்டினான். பிறகு சுவிசில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பன்னிரண்டு விங் ஃபொயில் பலகைகளை அனுப்பி, கொட்டகையை அவன் பொறுப்பில் விட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கையிலே காற்றடைத்த ஒரு சிறகு, காலுக்குக் கீழே பலகை, பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இன்னொரு சிறகு. சோழகக் காற்று பிடித்தால் பலகை தண்ணீரை விட்டு எழும்பி ஓடும். வேலையில்லாதவர்களின் வேலை என்று முதல்நாளே சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

வருகிறவருக்குப் பொருத்தமான பலகையை எடுத்துக் கொடுப்பதில்தான் சுதனின் கெட்டித்தனம் இருந்தது. ஒரு லீற்றர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு உடம்புப் பாரத்துக்கு மேலே முப்பது, நாற்பது லீற்றர் வேண்டும். எழும்பி ஓடத் தெரிந்தவருக்கு ஐந்தோ பத்தோ கூடினால் போதும். பாரத்துக்குக் குறைந்த பலகை காற்று இருக்கும்வரைக்கும் பறக்கும். காற்று விழுந்தால் ஆளோடு தாழும். இதையெல்லாம் சுதன் மனப்பாடமாகச் சொல்வான். ஆளைப் பார்த்தே கிலோவும் சொல்வான், இரண்டு கிலோ கூடப் பிசகாது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதம் புளியங்கூடல் மீனலோசனி தன் மகன் அனோஜனோடு வந்தார். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பெடியனுக்கு இருபத்திரண்டு வயது, அங்கேயே இந்த விளையாட்டைப் பழகியவன், நல்ல தேகக்கட்டு.

"எத்தினை கிலோ தம்பி?" என்று சுதன் கேட்டான்.

அவன் வாய் திறக்க முதல் தாய் முந்திக்கொண்டார். "அறுவதும் இராது. எங்க சாப்பிடுறான்? ஈர்க்கு மாதிரி இருக்கிறான்."

நான்கு பேர் நிற்கிற இடத்தில் பிள்ளையின் உண்மையான பாரத்தைச் சொல்ல எங்கள் தாய்மாருக்கு நா வராது. கல்லெறிக்குத் தப்பினாலும் கண்ணெறிக்குத் தப்ப ஏலாது என்று வளர்ந்தவர்கள். மகன் சிரித்துவிட்டுப் பேசாமல் நின்றான். தாய்க்கு மேலே ஒருவன் கதைப்பதா? சுதனுடைய கண் எழுபதுக்கு மேலே என்று சொன்னது. ஆனால், "இல்லை அக்கா, பிள்ளை நல்ல பாரம்" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொன்னால் அதுவே நாவூறு. அவன் அறுபத்தைந்து லீற்றர்ப் பலகையைக் கழற்றிக் கொடுத்தான். எனக்கும் கண் இருந்தது. நான் சோடா உடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் காற்று விழுந்தது. பலகை அவனைத் தாங்கவில்லை. நீந்த இடைஞ்சலாக இருந்த மிதவைச் சட்டையைக் கழற்றிப் பலகையில் கட்டிவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்த்திருக்கிறான். சுதன் வள்ளத்தில் போனபோது பலகையும் சட்டையும்தான் கிடைத்தன. மறுநாள் குறிகட்டுவான் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். மரண விசாரணைக் கடதாசியில் பாரம் எழுதியிருந்தது: எழுபத்தாறு கிலோ.

அதற்குப் பிறகு சுதன் ஒரு மின்தராசு வாங்கினான். யாராக இருந்தாலும் அதில் ஏறாமல் பலகை கிடையாது. தாய் தகப்பன் வாய் திறந்தால், "நீங்கள் கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ" என்று கடுப்பாகச் சொல்லிவிடுவான். அந்தப் பலகையை யாருக்கும் கொடுப்பதில்லை. விற்கவும் விடுவதில்லை.

உச்சி வெயிலில், ஒருவரும் இல்லாத நேரத்தில், அந்தத் தராசு தானாக விழித்துக்கொள்ளும். உப்புக்காற்றுப் பட்டால் மின்சாமான் அப்படித்தான் என்று அவனுக்குச் சொன்னேன்.  ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோது நானும் பார்த்தேன். தராசில் ஒருவரும் இல்லை. இலக்கம் எழுபத்தாறில் நின்றது. பயந்துபோனேன், அதை ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை. சுதன் அதற்கு முன்னால் கைகட்டிக்கொண்டு நின்றான், பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பிள்ளை நிற்பதுபோல.

இந்த வருடம் மகனின் திவசத்துக்கு மீனலோசனி தனியாக வந்தார். திவசம் முடிந்த அடுத்த நாள் மத்தியானம் கொட்டகை வாசலில் வந்து நின்றார். மெலிந்து அரைவாசியாகப் போயிருந்தார்.

"தம்பி, ஆர் ஆருக்கு எத்தினை லீற்றர் எண்டு ஒரு கணக்கு இருக்காமே. பாரிசில ஒரு பெடியன் சொன்னவன். அதை எனக்குச் சொல்லும்."

சுதன் என்னைப் பார்த்தான். கணக்கைச் சொன்னால் மிச்சத்தை அவரே கழித்துப் பார்த்துவிடுவார். பொய்க்கணக்குச் சொன்னாலும் நாளைக்குப் பாரிசில் வேறொருவன் உண்மையைச் சொல்லுவான். அவன் உண்மையான கணக்கையே ஒன்றும் ஒளிக்காமல் சொன்னான்.

அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "அப்ப நான் அறுவது எண்டு சொன்னதாலயோ?"

"இல்லை அக்கா. நீங்கள் சொல்ல முதலே நான் பலகையைக் கழட்டிப்போட்டன். கண்ணாலை பாத்துப் பிழையா அளந்தனான். நீங்கள் சொன்னது என்ர காதிலயே விழேல்லை."

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களும் நிண்டனீங்கள். அப்பிடியோ?"

"ஓம்," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது, அதுதான் பாரமானதும்.

 மீனலோசனி குனிந்து, இரண்டு கையாலும் மண் அள்ளிச் சுதனின் முகத்தில் எறிந்தார்.

"நாசமாப் போவாய்! என்ர பிள்ளையை நான் தேடின மாதிரி உன்ர பிள்ளையையும் நீ தேடுவாய்!"

சுதனின் பெண்சாதி கோசலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. பெற்ற வயிறு எரிந்து சொல்லும் சொல் பலிக்கும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். 'ஓம், நீங்கள் சொன்னதாலைதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சாபம் அவன் வாசலுக்கே வந்திராது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், முகத்தைத் துடைக்கவும் இல்லை.

மீனலோசனி வீதிக்கு ஏறி, நின்று நின்று ஓவென்று அழுதுகொண்டு போனார். இந்த இரண்டு வருடத்தில் அவர் அழவே இல்லை என்று அவருடைய சொந்தக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

சுதன் தலைமயிரில் இருந்த மண்ணைத் தட்டினான். 

"அண்ணை," என்றான், "கோசலாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. பிள்ளை பிறக்க அவளுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.