சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்வி

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் மாமியாருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பனியன் கம்பெனியில் வேலை என்றால் வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இது எதுவும் செய்யாமல் ஒருத்தி மாதச் சம்பளம் வாங்கினால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஒரு நாள் பொறுமை போய்ச் சொன்னேன். "ஓட்டல்ல சர்வர் இருக்கறாரில்லீங்க அத்தை? நீங்க உக்காந்த எடத்துல இருந்து ரெண்டு இட்லின்னு சொன்னா, உள்ள போயிச் சொல்லித் தட்டோட வர்றாரில்லீங்க? கம்ப்யூட்டர்லயும் அப்படி ஒருத்தர் இருக்கறாருங்க. அவருகிட்ட நீங்க சொல்றதுக்கு ஒரு ஃபாரம் செஞ்சு வெக்கறதும், அதை வாங்கிட்டுப் போயி அவரு என்ன செய்யணும்னு எழுதி வெக்கறதும் எம் வேலைங்க."

"அப்ப சமைக்கறது யாரு கண்ணு?" என்றார் மாமியார். அதுவும் நான்தான் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் கம்பெனி அனுப்பர்பாளையம் பக்கம் இருக்கிறது. சர்வர் என்று நான் பெருமையாகச் சொல்வது ஒரு பழைய கம்ப்யூட்டர். ஸ்டோர் ரூமில் துணி ரோல்களுக்கு நடுவே ஒரு இரும்பு ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சுத் தூசி அதன் மூக்கை அடைத்துக்கொண்டே இருக்கும். தையல் மெஷின்களைச் சுத்தம் செய்கிற காற்றுக் குழாயை வாங்கி வந்து நானே ஊதிவிடுவேன். என் ஊர் மடத்துக்குளத்திலிருந்து உடுமலைக்கு பஸ்ஸில் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தது கொஞ்சம், வேலையில் தப்பும் தவறுமாய்ச் செய்து தெரிந்துகொண்டது மிச்சம். நான் செய்யும் பக்கங்களில் அழகெல்லாம் தேடாதீர்கள். சில கட்டங்கள், கீழே ஒரு பொத்தான். ஆனால் அந்தப் பொத்தானை ஒருவர் அழுத்தினால் ஸ்டோரில் நூல் கோன் கணக்கு குறையும், வேன் டிரைவரின் போனில் செய்தி போய் நிற்கும். ஒரு இடத்தில் தொட்டால் இன்னொரு இடத்தில் ஏதோ அசைகிறது என்பதில் எனக்கு இன்னமும் சின்னப்பிள்ளைச் சந்தோஷம் உண்டு.

அப்படிச் செய்ததுதான் பர்மிஷன் ஃபாரம். ஷிப்ட் நடுவே யாராவது வெளியே போக வேண்டுமென்றால் முன்பு லைன் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும், ஆள் நிர்வாகம் பார்க்கிற எச்.ஆர். கையெழுத்துப் போட வேண்டும், அதைக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டும். எச்.ஆர். மீட்டிங்கில் இருந்தால் தொலைந்தது. பாவம், டெய்லர்கள் அவர் அறை வாசலில் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பார்கள். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர்களும் இதற்கெல்லாம் பதிவு எங்கே என்று கேட்டுவிட்டார்கள். நான் தையல் ஹாலின் கடைசியில் சுவரில் ஒரு டேப்லெட்டை மாட்டினேன். பெயரைத் தொட வேண்டும், காரணத்தைத் தொட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சர்வருக்கான கட்டளை, அதைப் பதிந்துகொண்டு, கேட்டில் இருக்கும் திரையில் அந்தப் பெயரைப் பச்சையாக்கிவிடும். ஆபீஸ்காரர்களுக்கும் அதே ஃபாரம்தான்.

காரணம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தேன். அதை விட்டுவிட்டு யாரும் தாண்ட முடியாது. காய்ச்சல், விபத்து, வீட்டு விசேஷம், துக்கம் என்று எச்.ஆர். எழுதிக் கொடுத்தார். 'மற்றவை' என்றும் ஒன்று போடலாமா என்று அவர் கேட்டதற்கு, கூடவே கூடாது என்று சட்டம் பேசியவள் நான்தான். போட்டால் எல்லாரும் அதையே அமுக்கிவிட்டுப் போவார்கள், அப்புறம் எதற்கு ஃபாரம் என்று கேட்டேன். என் வாய்க்கு அவர் பயந்தவர், விட்டுவிட்டார்.

ஃபாரம் சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. மழைக்காலம் வந்தது. ஊரெல்லாம் டெங்கு பேச்சு. ஒரே காரணம் அடிக்கடி வந்தால் முதலாளியின் போனுக்குச் செய்தி போகிற மாதிரி எழுதித் தரச் சொல்லி எச்.ஆர். கேட்டார். எழுதினேன். ஓடவிட்ட அன்றைக்கே செய்தி போய்விட்டது. தையல் பிரிவில் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல்!

முதலாளி ஆடிப்போய்விட்டார். அன்று மத்தியானமே புகை மெஷின் வந்தது. ஹாலெல்லாம் வெள்ளைப் புகை, வெட்டி அடுக்கிய துணியெல்லாம் மண்ணெண்ணெய் வாசம், டெய்லர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். வடக்கத்திப் பையன்கள் அதை போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, கை கால் முழுக்கக் கொசு மருந்தைத் தடவிக்கொண்டேன். அதோடு விட்டாரா முதலாளி? அடிக்கடி காய்ச்சல் என்று போட்டவர்களைக் கேட்டிலேயே நிறுத்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டும் டாக்டர் கடிதமும் கொண்டு வந்தால்தான் உள்ளே என்றார். அதற்கும் நான்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே மிதப்பு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி யார் என்று கேட்டால் என்னைக் காட்டலாம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வேன்கள் வந்து நின்றதும் கேட்டில் கூச்சல் கேட்டு ஓடினேன். கேட் திரையில் சில பெண்களின் பெயர் சிவப்பில் நின்றது. அதில் ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குடிவந்த, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அக்கா தைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். திங்கட்கிழமை வடக்கேயிருந்து புது டெய்லர்கள் வருகிறார்கள் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். காலியாக இருக்கிற மெஷினில்தான் அவர்களை உட்கார வைப்பார்கள். ஒரு தடவை மெஷின் கைமாறினால் திரும்பி வராது. அக்கா அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பில் அதெல்லாம் இருந்தது.

"நான் என்ன செய்யட்டும் அம்மிணி? செவப்பாக் காட்டுதுங்களே. காய்ச்சக்காரங்களை உள்ள உடப்படாதுன்னு சொல்லியிருக்கறாங்க" என்றார் வாட்ச்மேன்.

"எனக்குக் காச்சலே இல்லண்ணே! வேணும்னா தொட்டுப் பாருங்க!" என்று அக்கா கையை நீட்டினார்.

"அப்பறம் எதுக்குக் காய்ச்சல்னு போட்டீங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் ஆண்கள். நான் அவரை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "ஏனுங்க்கா, காய்ச்சலே இல்லாம எதுக்குங்க அதை அமுக்குனீங்க?" என்று கோபமாகவே கேட்டேன்.

"வேற எதத் தாயி அமுக்கச் சொல்ற?" என்று அக்காவும் சீறினார். "மாசா மாசம் அந்த நாள்ல இடுப்பு வெட்டிப் போட்ட மாதிரி வலிக்கும். தீட்டு நிக்காமப் போவுது. முன்னாடின்னா சூப்பர்வைசரம்மா என் மூஞ்சியப் பாத்ததுமே கெளம்புன்னு சீட்டைக் குடுத்துரும், வாயத் தொறக்க வேணாம். ஓம் பொட்டிதான் காரணஞ் சொல்லு சொல்லுன்னு நிக்குது. சாவும் இல்ல, சடங்கும் இல்ல. அம்புட்டுப் பேரும் காச்சலைத்தான் அமுக்குவோம். நீயும் பொம்பளதான, இதுகூடவா தெரியல?"

தெரியாமல் என்ன? பள்ளிக்கூடத்தில் அந்த நாளுக்கு லீவு லெட்டர் எழுதும்போது எல்லாரும் எழுதிய வார்த்தை அதுதான். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்.' வாத்தியார் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் காய்ச்சல்தான். அப்படியே ஊறிப்போன பழக்கம். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆபீசுக்குள் போய் சர்வரில் பதிந்திருந்ததைத் திறந்தேன். சிவப்பைப் பச்சையாக்க ஒரு வரி போதும். யாருக்கும் தெரியாது. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. மாற்றினால் அக்கா உள்ளே வந்துவிடுவார். அடுத்த மாதம் மறுபடியும் சிவப்பில் நிற்பார், அதற்குள் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். யோசித்துக்கொண்டே மேலும் கீழும் பார்த்தபோது காய்ச்சல் வரிசையில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. என் பெயர். ஒரே தடவை என்பதால் சிவப்பாகவில்லை. போன வாரம் அடிவயிற்று வலியோடு சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். போகிற போக்கில் நானே செய்த ஃபாரத்தில் நானே காய்ச்சலை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அட சண்டாளி என்று வாய்விட்டே சொன்னேன்.

முதலாளி அறைக்குப் போனேன். எச்.ஆரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஊரையே வாயால் அளக்கிறவள் நான், அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கேட்ல நிக்கறவங்களுக்குக் காய்ச்சல் இல்லீங்க. அது… பொம்பளைங்களுக்கு மாசா மாசம் வர்ற வலிங்க. ஃபாரத்துல அதுக்கு எடமில்லாததுனால காய்ச்சல்னு போட்டுட்டாங்க."

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். எச்.ஆர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அத்தனை பேருமா மேடம்? இப்ப மாட்டிக்கிட்டதும் கதை சொல்றாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுல ஒண்ணு நானுங்க" என்றேன்.

கீழே ஹாலில் மெஷின்கள் ஓடுவது கேட்டது. நான் தலையைக் குனியவில்லை. முதலாளி டீ கிளாசை மேசையில் வைத்தார்.

"எம் பொண்ணும் பள்ளிக்கூடத்துக்கு மாசா மாசம் காய்ச்சல்னுதான் லெட்டர் எழுதறா" என்றார் மெதுவாக. "கையெழுத்துப் போடறது நாந்தான். டானிக் வேற வாங்கிக் குடுத்திருக்கறேன்." பிறகு எச்.ஆரைப் பார்த்து, "கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க" என்றார்.

அக்கா உள்ளே வந்தார். நேரே போய்த் தைக்க உட்கார்ந்தார். திங்கட்கிழமை புது டெய்லர்கள் வந்தபோது அவருடைய மெஷினில் அவரே இருந்தார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஃபாரத்திலிருந்து காரணத்தையே எடுத்துவிட்டேன். பெயர், பொத்தான், அவ்வளவுதான். சோதனைக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எச்.ஆர். புலம்பினார். எத்தனை பேர் எப்போது போனார்கள் என்பது இருக்கிறது, எதற்குப் போனார்கள் என்பது அவர்களுக்கு எதற்கு என்று கேட்டேன். அவருக்கு என் வாய் மேல் இருந்த பயம் திரும்பி வந்திருந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் ஹால் வழியாக வந்தபோது அக்கா டேப்லெட் முன்னால் நிற்பதைப் பார்த்தேன். முகம் வெளுத்துக் கிடந்தது. பெயரைத் தொட்டார், பொத்தானை அழுத்தினார். திரையில் 'போகலாம்' என்று வந்தது. ஆனால் அவர் போகவில்லை, இன்னும் ஏதோ வரும் என்பது போல நின்றுகொண்டே இருந்தார்.

"அம்புட்டுத்தானா தாயி? ஒண்ணுமே கேக்கல?"

"இனி கேக்காதுங்க்கா" என்றேன் பெருமையாக.

"ம். பொட்டி கேக்க வேணாம். மனுசங்களாச்சும் கேக்கலாம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. கேள்வியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். தீட்டு நிற்காமல் போகிறது என்று அன்றைக்கு வேனுக்குப் பின்னால் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாக்கா?"

"இல்ல தாயி. ஒத்தையில போகப் பயமா இருக்கு. என்னத்தச் சொல்லுவாகளோ." அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் டேப்லெட்டில் என் பெயரையும் தொட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். இருவரும் என் வண்டியில் கேட்டுக்குப் போனபோது திரையில் எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சையில் இருந்தன. வாட்ச்மேன் திரையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். "பாத்துக் கூட்டிட்டுப் போ அம்மிணி" என்று சொல்லிக் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார்.