பாங் தெசிங் சொல்லிக்கொடுத்த மூன்று வார்த்தைகள்

பாங் தெசிங்குக்கு வயது அறுபத்தெட்டு. அதில் முப்பத்தோரு வருஷம் சீனாவின் ஜெங்ஜோ நகரத்து ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் ஸ்டீயரிங்கில் போயிற்று. அதே பஸ்ஸுக்குக் கண்டக்டராக வந்து, மூன்று வருஷம் அவரைத் திட்டித் தீர்த்து, அப்புறம் அவரையே கட்டிக்கொண்டவள் யின்ஃபெங். கல்யாணத்துக்குப் பிறகும் திட்டு குறையவில்லை. "லாவ் பாங்!" என்று, 'யோவ் கிழட்டு பாங்' என்கிற உரிமையோடு ஒரு கத்து கத்தினால் போதும், மனுஷன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அந்தக் கத்து நின்று ஒன்றரை வருஷம். அல்சைமர். இப்போது அவள் அவரைப் பார்க்கிற பார்வை, வழி கேட்க வந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

அவளை ஒரு தரம் "லாவ் பாங்" என்று கூப்பிட வைக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஆபரேஷன் விஷயத்தைப் பூங்காவில் சீட்டாடுகிற கும்பல்தான் சொன்னது. கழுத்தின் இரண்டு பக்கமும் கீறி, மயிரைவிட மெல்லிசான நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைப்பார்களாம். மூளையில் தேங்கின கசடு அந்த வழியாக வடிந்துவிடுமாம். "சாக்கடை அடைப்பு எடுக்கிற மாதிரிதான்ப்பா," என்றான் ஒருவன், ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டே. ரேடியேட்டர் கழுவிப் பழகின பாங்குக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

ஞாபகப் பரீட்சையில் மார்க் ரொம்பக் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். டாக்டர் எப்போதும் அதே மூன்று வார்த்தை சொல்வார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் தடவை யின்ஃபெங் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டரிடம் டீ கேட்டாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரமும், மிளகு சூப்பு ஊட்டுகிற ஒவ்வொரு கரண்டிக்கும் பாங் அவளுக்குப் பாடம் எடுத்தார். ஏறவில்லை. கடைசியில், பஸ் நிறுத்தங்களை அவள் கூவுவாளே, அந்த ராகத்தில் சொல்லிப் பார்த்தார். "குடை! ஆடு! ஜன்னல்!" கப்பென்று பிடித்துக்கொண்டாள். ஒரே மார்க்கில் தப்பித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் மறுபடி பரீட்சை. இளம் டாக்டர் வாயைத் திறப்பதற்குள், கழுத்துக் கட்டோடு யின்ஃபெங் கூவினாள்: "குடை! ஆடு! ஜன்னல்!"

"பார்த்தீங்களா பெரியவரே! நான் கேக்கவே இல்ல!" டாக்டருக்குச் சந்தோஷம். தாளில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, பிரதி ஒன்றை பாங் கையில் கொடுத்தார். டாக்டர் முகத்தைப் பார்க்காமலே பாங் அதை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

வராந்தாவில் ஹுயிமின் காத்திருந்தாள். பக்கத்து அறைக்காரரின் மகள். அப்பாவுக்கு நாளைக்கு அதே ஆபரேஷன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"பெரியப்பா, பெரியம்மாவுக்கு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

பாங் சுவரில் சாய்ந்தார். ஐந்து நாளாக நாற்காலியில் தூங்கின உடம்பு. பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

"நான்தாம்மா சொல்லிக்கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே. அவளுக்கு ஒண்ணும் திரும்பல."

ஹுயிமின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"குடை, ஆடு, ஜன்னலா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அப்பாவுக்கு அதைத்தானே மூணு வாரமா சொல்லிக்கொடுக்கறேன். மூணாம் ரூம்காரங்க எழுதியே வச்சிருக்காங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து முறைக்கிற அளவுக்குச் சிரித்தார்கள். அடங்கினதும் பாங் கேட்டார்:

"அப்போ கையெழுத்து?"

"தெரியல பெரியப்பா. பெரியம்மா ஆபரேஷனுக்கு முன்னாடியே நான் சொல்லியிருந்தா, நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

பாங் அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே போனார்.

யின்ஃபெங் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள். 'லாவ் பாங்' வருமா என்று பாங் வாசலிலேயே நின்றார்.

"டிக்கெட்?" என்றாள்.

சட்டைப்பையைத் தடவினார். கிடைத்தது அந்தத் தாள்தான். கொடுத்தார். 'நல்ல முன்னேற்றம்' இருந்த மூலையை நகத்தால் நறுக்கென்று கிழித்துவிட்டு, மீதியை அவர் கையிலேயே திணித்தாள்.

"படியில நிக்காதய்யா. உள்ள போ, உள்ள இடம் கிடக்கு."

பாங் கட்டிலின் உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.