செத்தவீட்டுச் சுருட்டு

பொருளாதாரத் தடைக் காலம். ஆஸ்பத்திரிக்கு வந்த கொஞ்ச எக்ஸ்ரே பிலிமும் ஷெல் காயக்காரருக்கே போனது. வெறும் இருமலை யார் மதித்தார்கள்? ஐயாவின் நெஞ்சைப் படம் பிடித்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது.

"சுருட்டை விட்டால் மூச்சுக் கொஞ்சம் சுகமாய் வரும்" என்றார் டொக்டர். அம்மா சுருட்டுக் கட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். "ஒண்டே ஒண்டு தாவன்" என்று ஐயா சாகும்வரை கெஞ்சினார். அவள் அசையவில்லை.

"வந்த சனத்துக்குச் சுருட்டு வைக்காத செத்தவீடும் ஒரு செத்தவீடோ?" என்று கத்தினார், ஐயாவின் அண்ணன். அம்மா பெட்டகத்தைத் திறந்து, அதே கட்டைப் பிரித்துத் தட்டத்தில் வைத்து நீட்டினாள். பெரியப்பா ஒன்றைப் பற்றவைத்து, "நல்ல சரக்கு" என்று சொல்லி இருமினார். ஐயாவின் அதே இருமல்.

அம்மா தட்டத்தை மறுபடியும் அவரிடமே நீட்டினாள்.